பேஸ்பால் ஸ்கோர் அட்டையை வாசிக்கும் முறை: 2016 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தின் வழியே

2016 நவம்பர் 2 அன்று இரவு கிளீவ்லாந்தில் தொடங்கி, நள்ளிரவைத் தாண்டி முடிந்த ஆட்டத்தில் சிகாகோ கப்ஸ் அணி 8–7 என்று வென்று, 1908க்குப் பின் தன் முதல் வேர்ல்ட் சீரிஸ் (வட அமெரிக்காவின் உயர்நிலைப் பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) பட்டத்தைப் பெற்றது. ஸ்கோர் அட்டையை வாசிக்கப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

படி 1: மேலே உள்ள இரு வரிகள்

சிகாகோ: 1 0 0 2 2 1 0 0 0 2 — 8, 13, 3
கிளீவ்லாந்து: 0 0 1 0 2 0 0 3 0 1 — 7, 11, 1

ஒவ்வொரு எண்ணும் ஒரு இன்னிங்ஸில் (இரு அணிகளும் தலா மூன்று அவுட் வரை பேட் செய்யும் சுற்று) அந்த அணி எடுத்த ரன். ஓட்டக்காரர் பேஸ்கள் எனப்படும் நிலைகளை வரிசையாகச் சுற்றி, பேட் செய்யும் இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். கடைசி மூன்றும் முறையே மொத்த ரன், ஹிட் (பந்தை அடித்துப் பேட்டர் பேஸை அடைவது), எரர் (ஃபீல்டிங் பிழை). சொந்த மைதானத்து அணி எப்போதும் கீழ்வரியில் இருக்கும். அதுவே இரண்டாவதாக ஆடும். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிறகு 6–6 என்று சமநிலை இருந்ததால்தான் இங்கே பத்தாவது எண் வந்தது.

படி 2: பேட்டர்களின் பட்டியல்

ஏபி (அட்-பேட்) என்ற பத்தி, பேட்டர் களத்துக்கு வந்த எல்லா முறைகளையும் கணக்கில் கொள்வதில்லை. வாக் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸ் கிடைப்பது), உடலில் பந்து படுதல், சாக்ரிஃபைஸ் ஃப்ளை (தான் கேட்ச்சாகி அவுட்டானாலும் ஓட்டக்காரரை ரன் எடுக்க வைக்கும் அடி) ஆகியவை அதில் சேரா. நான்காவது இன்னிங்ஸில் அடிசன் ரசல் உயரே அடித்த பந்து பிடிபட்டு அவர் அவுட்டானபோது, மூன்றாம் பேஸிலிருந்து கிரிஸ் பிரயன்ட் ஓடி வந்து ரன் எடுத்தார். ரசலுக்கு ஏபி கூடவில்லை, ஆனால் ஆர்பிஐ (பேட்டரின் ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்) ஒன்று சேர்ந்தது. ரன் பிரயன்டின் பெயரில் பதிவானது.

படி 3: பிட்சர்களின் பட்டியல்

பிட்சர் என்பவர் பேட்டருக்குப் பந்தெறிபவர். இங்கேதான் நிதானம் தேவை. அவர் வீசிய இன்னிங்ஸைக் காட்டும் முதல் பத்தியில் 1.1 என்று இருந்தால், கிரிக்கெட்டில் ஓவரைக் குறிப்பது போலவே, ஒரு முழு இன்னிங்ஸும் அடுத்ததில் ஒரு அவுட்டும் என்று பொருள்.

சிகாகோவின் அரோல்டிஸ் சாப்மனின் வரியில் 1.1 இன்னிங்ஸ், 3 ஹிட், 2 ரன் என்று இருக்கும். எட்டாவது இன்னிங்ஸில் அவர் பந்தெறிந்தபோது கிளீவ்லாந்துக்கு மூன்று ரன்கள் வந்தன. ஆயினும் முதலாவது ரன்னை எடுத்த ஹோசே ராமிரெஸ், முந்தைய பிட்சர் ஜான் லெஸ்டர் விட்டுச்சென்ற ஓட்டக்காரர் என்பதால், அது லெஸ்டரின் கணக்கில் சேர்ந்தது. மற்ற இரண்டும் ராஜாய் டேவிஸின் ஹோம் ரன்னால் (பேட்டரே எல்லா பேஸ்களையும் சுற்றிவர வைக்கும் அடி) வந்தவை.

முன்னிலையை இழந்த அதே சாப்மனுக்கே இந்த ஆட்டத்தின் வெற்றி எழுதப்பட்டிருக்கிறது. அவர் ஒன்பதாவது இன்னிங்ஸையும் வீசி முடித்தபின், சிகாகோவுக்கு அடுத்த பிட்சர் இன்னும் வராமல் அவரே கடைசியாக வீசியவராக இருக்கும்போதே, பத்தாவது இன்னிங்ஸில் பென் ஸோப்ரிஸ்ட் அடித்த டபுளால் (பேட்டர் இரண்டாம் பேஸை அடையும் ஹிட்) சிகாகோ மீண்டும் முன்னிலை பெற்று அதை இறுதிவரை இழக்கவில்லை. விதி அவ்வளவைத்தான் பார்க்கிறது. ஆகவே வெற்றி என்ற குறியை வைத்து ஒரு பிட்சரை மதிப்பிடாமல், இன்னிங்ஸ், ஹிட், வாக், ரன் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பத்தாவது இன்னிங்ஸில் சிகாகோவின் இரு ரன்களைக் கொடுத்த கிளீவ்லாந்து பிட்சர் பிரயன் ஷாவுக்குத் தோல்வி எழுதப்பட்டது.

படி 4: சேவ்

குறைந்த முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சருக்கு இது கிடைக்கிறது. சிகாகோவின் மைக் மாண்ட்கோமெரியின் வரியில் 0.1 மட்டுமே இருக்கும்: ஒரே பேட்டர், ஒரே அவுட். மேஜர் லீக்கில் அவருக்குக் கிடைத்த முதல் சேவ் அதுதான்.