விக்கிப்பீடியாவுக்குப் புதிய பங்களிப்பாளர்களைப் பயிற்றுவித்தல்: கடலூர், புதுச்சேரிப் பயிற்றுநர்களுக்கு ஆப்பிரிக்க அனுபவம் தரும் வழிமுறைகள்

கல்லூரிக் கணினிக்கூடத்திலோ நூலகத்திலோ விக்கிப்பீடியாப் பயிற்சிப் பட்டறை ஒன்றை நடத்துவது பெரிய காரியமன்று. அன்று வந்தவர்களில் ஒரு சிலரேனும் மூன்று மாதம் கழித்தும் தொகுத்துக்கொண்டிருக்கும்படி, அதாவது கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் வரும்படி, செய்வதுதான் பெரிய காரியம். இணைய வேகம் சீராக இல்லாத ஊர்கள், தாய்மொழியில் தட்டச்சு செய்து பழகாத இளைஞர்கள், அச்சில் ஏறாமல் பெரியவர்களின் நினைவிலேயே தங்கிவிட்ட செய்திகள் ஆகிய மூன்றையும் ஒருசேர எதிர்கொண்டு, அவற்றுக்கு வழிமுறைகளை உருவாக்கியவர்கள் ஆப்பிரிக்க நாடுகளின் தன்னார்வலர்கள். அவர்கள் 2014-இல் ஜோகன்னஸ்பர்க்கில் விக்கி இன்டாபா என்னும் கண்டம் தழுவிய மாநாட்டைத் தொடங்கினர். உலக விக்கிமேனியா மாநாடு 2018-இல் கேப்டவுனிலும் 2025-இல் நைரோபியிலும் நடந்தது. கடலூரிலோ புதுச்சேரியிலோ பட்டறை நடத்த எண்ணுபவர்களுக்கு அவர்களுடைய அனுபவம் மிகவும் பொருந்துகிறது என்பதால், இந்த வழிகாட்டி அதைத் துணையாகக் கொள்கிறது.

பயிற்சியின் பலன் பட்டறை நாளன்று முடிவாவதில்லை. அதற்கு முந்தைய வாரத்தில் நாம் சேர்த்து வைக்கும் சான்றுகளும், பிந்தைய வாரங்களில் புதியவருக்கு நாம் தரும் துணையுமே அதை முடிவு செய்கின்றன. ஆகவே, நம் உழைப்பின் பெரும்பகுதியை அந்த இரண்டு இடங்களிலும் செலுத்த வேண்டும்.

முதலில் கணக்கு தொடங்குவதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணிலிருந்து) ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பு இடம் தருவதில்லை. கணினிக்கூடம் முழுவதும் ஒரே முகவரியின் வழியாக இணையத்தில் இணைந்திருக்குமானால், ஏழாவது மாணவருக்குப் பிழைச்செய்திதான் வரும். அங்கேயே கூட்டத்தின் ஊக்கம் பாதி குறைந்துவிடும். கலந்துகொள்வோர் அனைவரும் சில நாட்களுக்கு முன்பே தத்தம் வீட்டிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ கணக்கு தொடங்கிவிட வேண்டும் என்று அழைப்பிதழிலேயே எழுதிவிடுவது எளிய வழி. கூட்டம் பெரிதாக இருக்குமானால், தொழில்நுட்பக் கோரிக்கைகளுக்கான விக்கிமீடியாவின் பேப்ரிகேட்டர் தளத்தில் அந்த முகவரிக்கு விலக்குக் கோரி ஒரு வாரத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் இச்சிக்கல் இன்னும் கடுமையான வடிவில் வந்தது. அங்கே கைப்பேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்தளிப்பதால், யாரோ ஒருவர் செய்த விஷமத்துக்காக அந்த முகவரி தடைசெய்யப்பட்டபோது, கானாவிலும் நைஜீரியாவிலும் எந்தத் தவறும் செய்யாத புதியவர்கள் தொகுக்க முடியாமல் திணறினர். இங்கும் கைப்பேசி இணையத்தில் அப்படி நேரலாம். எனவே, தடைவிலக்குக் கோரும் பக்கத்தின் முகவரியைப் பயிற்றுநர் கையில் வைத்திருப்பது நல்லது.

பயனர் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரியின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ வைக்கக் கூடாது. ஒரு கணக்கை இருவர் பகிரவும் கூடாது. சொந்தப் பெயரை வெளியிட விரும்பாதவர்கள் புனைபெயரில் எழுதலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு இது குறிப்பாகத் தேவைப்படுகிறது. 2016-இல் ஐவரி கோஸ்ட், கேமரூன், நைஜீரியா, கானா ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கப்பட்ட ‘விக்கி லவ்ஸ் விமன்’ திட்டம், பெண்களைப் பற்றிய கட்டுரைகளைக் கூட்டுவதோடு, எழுதும் பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதையும் தன் நோக்கமாகக் கொண்டது. நம் ஊரில் பட்டறையை மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பேருந்தில் வந்துபோகும் மாணவிகள் வரமாட்டார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்தோ பாகூரிலிருந்தோ வருபவர் இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி நேரத்தை அமைக்க வேண்டும்.

மின்சாரமும் இணையமும் இடையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். கிவிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாமலே கட்டுரைகளைப் படித்துக்காட்டலாம். எழுதிப் பழகவும் ஆப்பிரிக்கத் தன்னார்வலர்கள் ஒரு வழி கண்டனர். 2017-இல் வெளியான விக்கிஃபுண்டி, விக்கிப்பீடியாவைப் போன்றே இயங்கும் தொகுப்புச் சூழலை இணையம் இல்லாத பள்ளிகளில் தருகிறது. மாணவர் அங்கே எழுதியதை இணையம் கிடைக்கும்போது பதிவேற்றிக்கொள்ளலாம். அது கைவசம் இல்லாவிட்டால், வரைவை ஒரு குறிப்பேட்டுச் செயலியில் எழுதி வைக்கச் சொன்னாலும் போதும்.

இனி, சான்றுகள். பட்டறைகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். ‘உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டால், புதியவர் தமக்குத் தெரிந்ததை எழுதுவார். மறுநாளே வேறொரு பங்களிப்பாளர் ‘சான்று தேவை’ என்னும் வார்ப்புருவை, அதாவது ஆயத்த அறிவிப்பை, அதன் தலையில் இடுவார். புதியவர் மனம் நொந்து விலகிவிடுவார். இதைத் தவிர்க்க, கூடத்தின் நடுவே ஒரு நீண்ட மேசையைப் போட்டு, அதன்மேல் புத்தகங்களைப் பரப்பி வைத்து, முதலில் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். தலைப்பு அதிலிருந்து பிறக்கட்டும். கடலூர் மாவட்ட மைய நூலகமும், 1827-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகமும் இதற்குப் பெரிதும் உதவும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் குழுவில் இருந்தால், 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீடுகளையும் பயன்படுத்தலாம். நூலகரை வெறும் விருந்தினராக அழைக்காமல், அவரையும் பங்களிப்பாளராக்க முயல வேண்டும். அக்ராவைத் தலைமையிடமாகக் கொண்ட அஃப்லியா என்னும் ஆப்பிரிக்க நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு, நூலகர்களுக்கே விக்கிப்பீடியாப் பயிற்சி அளித்து வந்ததற்குக் காரணம் இதுதான்: சான்றைத் தேடவும் எடைபோடவும் அவர்கள் முன்பே கற்றிருக்கிறார்கள், அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியவை சில பொத்தான்கள் மட்டுமே.

பழைய நூல்களைக் கையாளும்போது எச்சரிக்கை தேவை. தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றி 1878-இலும் 1906-இலும் ஆங்கில அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்கள் காப்புரிமைக் காலம் கடந்தவை. ஏரிகள், வாய்க்கால்கள், வரி, துறைமுகம் பற்றி அரிய செய்திகள் அவற்றில் உள்ளன. ஆனால் சாதிகளையும் வழிபாட்டையும் பற்றி அவை கூறுவனவற்றை ஆட்சியாளரின் பார்வை என்று அறிந்தே படிக்க வேண்டும். ஆப்பிரிக்கச் சமூகங்களைப் பற்றி அச்சில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி குடியேற்ற அதிகாரிகளும் மதபோதகர்களும் எழுதியவை என்பதால், அங்குள்ள பயிற்றுநர்களுக்கும் இதே கவலை இருக்கிறது. இத்தகைய கருத்தை எழுதும்போது யார், எந்த ஆண்டில் சொன்னது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவரச் செய்வது நல்ல பழக்கம்.

அச்சில் இல்லாதவற்றை என்ன செய்வது? தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவர் காற்றின் திசைகளைப் பற்றிச் சொல்பவை விலைமதிப்பற்றவை. ஆனால் அவற்றை நேரடியாக ஒரு கட்டுரையில் எழுதினால் சரிபார்க்க வழியில்லை என்று நீக்கப்படும். 2011-இல் அச்சல் பிரபாலா முன்னெடுத்த வாய்மொழிச் சான்றுத் திட்டம், மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபேடி ஆகிய மொழிகளில் மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, அந்த ஒலிக்கோப்பையே மேற்கோளாகச் சுட்டிப் பார்த்தது. அந்த முறை இன்றுவரை பரவலாக ஏற்கப்படவில்லை. ஆகவே, சொல்பவரின் ஒப்புதலோடு பதிவைப் பொதுவகத்தில் (படங்களையும் ஒலிக்கோப்புகளையும் சேமிக்கும் விக்கிமீடியா தளத்தில்) ஏற்றி வைப்பதும், அதே செய்தியை ஆய்வேட்டிலோ இதழிலோ தேடிக் கண்டபின் கட்டுரையில் சேர்ப்பதும் இப்போதைக்கு உகந்த வழி.

பட்டறை நாளன்று முதல் மணி நேரத்தைத் தட்டச்சுக்கே ஒதுக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பழகிய மாணவருக்குத் தமிழ்99 விசைப்பலகையையோ ஒலிபெயர்ப்பு விசைப்பலகையையோ நிறுவித் தந்து, ஒரு பத்தியை அடித்துப் பார்க்கச் செய்யாமல் மேலே போவதில் பயனில்லை. யொரூபா மொழிப் பயிற்சிகளிலும் இது நேர்கிறது: எழுத்தின் கீழ் இடும் புள்ளியும் மேல் இடும் தொனிக்குறியும் இல்லாவிட்டால் பொருளே மாறிவிடும், சாதாரண விசைப்பலகையிலோ அவை கிடையாது.

அடுத்தது முதல் தொகுப்பு. புதிய கட்டுரையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். இருக்கும் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சான்றோடு சேர்க்கச் சொல்லுங்கள். தானே புயலை எடுத்துக்கொள்வோம். நம் மாணவர் ஒருவர் இயல்பாக இப்படி எழுதுவார்: ‘கடலூர் மக்களின் வாழ்வையே சூறையாடிய தானே புயலை யாராலும் மறக்க முடியாது.’ உணர்ச்சி உண்மையானது. கலைக்களஞ்சியத்துக்கு ஏற்ற வாக்கியம் அன்று. எப்போது, எங்கே, என்ன, யார் சொன்னது என்னும் நான்கு கேள்விகளை அவரிடமே கேட்டால், அவரே இப்படி மாற்றி எழுதுவார்: ‘தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது; பண்ருட்டிப் பகுதியில் முந்திரி, பலாத் தோப்புகள் பெருமளவில் அழிந்தன.’ இதை முதலில் மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். பிறகு கட்டுரையில் ‘தொகு’ என்பதை அழுத்தி, வாக்கியத்தின் இறுதியில் சுட்டியை நிறுத்தி, மேற்கோள் பொத்தானின் வழியே முதற்பகுதிக்கு வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையையும், இரண்டாவதற்கு அந்நாளைய நாளிதழ்ச் செய்தியையும் தனித்தனியே இட வேண்டும். தொகுப்புச் சுருக்கத்தில் ‘கரை கடந்த நாளும் சேதமும், சான்றுடன்’ என்று எழுதிச் சேமித்துவிட்டு, உடனே வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அவருடைய பெயர் முதல் வரியில் நிற்பதைக் காட்டுங்கள். உலகம் படிக்கும் பக்கத்தில் தம் பங்கு பதிவாகியிருப்பதைக் கண்ணால் கண்டவர், மறுபடி வருவதற்குக் காரணம் பெற்றுவிடுகிறார்.

எழுதத் தயங்குபவர்களுக்குப் படங்கள் நல்ல தொடக்கம். 2014 முதல் நடந்துவரும் ‘விக்கி லவ்ஸ் ஆப்பிரிக்கா’ ஒளிப்படப் போட்டியின் வழியாக, அன்றாட வாழ்வைக் காட்டும் ஏராளமான படங்கள் பொதுவகத்துக்கு வந்துள்ளன. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பம் செய்பவரின் கைகளையோ, பிச்சாவரத்து அலையாத்திக் காட்டையோ தாமே படமெடுத்து ஏற்றலாம். இணையத்தில் கிடைத்த படத்தை மட்டும் ஏற்றக் கூடாது என்பதை மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டும்.

பரிசுகளை நம்பிப் பயிற்சியை அமைக்க வேண்டாம். 2009-10-இல் கூகுள் நிறுவனத்தின் ஆதரவில் கிழக்கு ஆப்பிரிக்க மாணவர்களுக்குச் சுவாகிலிக் கட்டுரைப் போட்டி நடந்தது; கட்டுரைகள் பெருகின, ஆனால் பரிசளிப்புக்குப் பின்னும் எழுதியவர்கள் மிகச் சிலரே. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவதும் போட்டிச் சூழலில்தான் மிகுதி. ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால், இயந்திரம் எழுதிய தமிழ் எங்கே இடறுகிறது என்பதை மாணவரே உணர்ந்துகொள்வார்.

பட்டறை முடிந்தபின் ஒவ்வொரு புதியவரின் பேச்சுப் பக்கத்திலும் பயிற்றுநர் தம் கையால் ஒரு வரி எழுத வேண்டும். அவர் தொகுத்த கட்டுரைகளைத் மாற்றங்களை உடனுக்குடன் காட்டும் தம் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொகுப்பு மீளமைக்கப்பட்டாலோ (பழைய நிலைக்கே திருப்பப்பட்டாலோ) கட்டுரைக்கு நீக்கல் வார்ப்புரு இடப்பட்டாலோ, காரணத்தை விளக்கி, குறையைச் சேர்ந்து திருத்த வேண்டும். பொதுவான ஐயங்களைத் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் அவரே கேட்கும்படி தூண்டினால், நம்மைத் தாண்டியும் அவருக்கு உறவுகள் உண்டாகும். மாதம் ஒருமுறை, ஞாயிறு காலையில் அதே நூலகத்தில் இரண்டு மணி நேரம் கூடுவதற்கு நூலகரிடம் முன்பே இசைவு பெற்று, முதல் பட்டறையின் முடிவிலேயே அடுத்த தேதியை அறிவித்துவிடுங்கள். மூன்றாவது கூட்டத்துக்கு வருபவர்களுள் ஒருவரிடம் அடுத்த பட்டறையின் சான்று மேசையை ஒப்படையுங்கள். புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கும் பொறுப்பு முழுவதும் அவருடையதாக இருக்கட்டும்.