கையை வைத்துச் சூடு பார்ப்பதும் மூக்கை வைத்து மீன் வாங்குவதும்

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு தீர்ப்புச் சொல்லாமல் திரும்புவதில்லை, இந்தக் கிணறு கொதிக்குது, அந்தக் கிணறு வெறும் இளஞ்சூடு என்று. ஏழு கிணறுகளுக்குள்ளும் சூட்டில் வித்தியாசம் இருப்பது உண்மைதான், ஆனால் வாளியால் தலையில் ஊற்றிப் பார்த்து அவற்றை வரிசைப்படுத்த முடியாது. தோலில் உள்ள நரம்பு நுனிகள் தண்ணீர் எத்தனை பாகை என்று அளப்பதில்லை, தோல் ஏற்கெனவே இருந்த சூட்டிலிருந்து எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கின்றன. நல்ல சூட்டில் குளித்துவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போகிறவருக்கு அது ஆறியதாகத் தெரியும், ஆறிய கிணற்றிலிருந்து வருகிறவருக்கு அதே தண்ணீர் சுடும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அங்கே இது வேடிக்கை. வீட்டில் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் பார்க்கும்போது வேடிக்கை இல்லை. இப்போதுதான் பாத்திரம் கழுவிய குளிர்ந்த கைக்கு நல்ல பிள்ளையும் காய்வது போலிருக்கும், அடுப்படியில் நின்ற கைக்கு 38 பாகையும் சாதாரணமாகப் படும். வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, சுடவில்லை என்றால் சூடில்லை என்று நினைப்பது. சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு நாட்பட நாட்பட நரம்பு பாதிக்கப்படும், அதுவும் பெரும்பாலும் கால்விரல் நுனியிலிருந்துதான் தொடங்கும். உச்சி வெயிலில் கோணேசர் கோயிலுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற எல்லோரும் துள்ளித் துள்ளி ஓடும்போது ஒருவர் மட்டும் ஆறுதலாக நடந்தால் அதைப் பக்தி என்று மெச்சாதீர்கள், வீட்டுக்குப் போனதும் அவருடைய உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் வந்ததே தெரியாமல் இருந்து, புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குப் போகிற கதை நம் ஊர்களில் நிறைய. காலையிலோ மாலையிலோ போங்கள், தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

சரி, மூக்கு. மீனை மணந்து பார்த்து வாங்குவது நல்ல பழக்கம், ஆனால் அது ஒரு பக்கச் சாட்சி. கெட்ட மணம் வந்தால் வேண்டாம் என்று விடலாம், மணமே இல்லை என்பதற்காக நல்ல மீன் என்று எடுக்க முடியாது. சூரை, கெலவல்லா, கும்பளா போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் கிருமிகள் அதன் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளை, ஒவ்வாமை போன்ற குணங்குறிகளைத் தரும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். இது மூக்குக்குப் பிடிபடாமலே நடக்கலாம், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது, புளி விட்டாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடி வரும். நாமோ "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று மீனின் பெயரில் பழியைப் போட்டுவிடுவோம், குற்றம் வெயிலில் கிடந்த பெட்டியுடையது. மூக்கைவிட, மீனுக்கு மேலே கீழே ஐஸ் இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணுக்குத்தான் இங்கே வேலை அதிகம்.

கேஸ் மணத்திலும் இதே சிக்கல்தான். சமையல் கேஸுக்குச் சொந்த மணம் இல்லை, கசிவு தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் கலக்கிறார்கள். அந்த மணத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றால் மூக்கு பழகிவிடும், "இப்ப மணக்கேல்லை" என்று அடுப்பைப் பற்றவைப்பவர் கேஸ் போய்விட்டது என்று நம்புகிறார், அது காற்றைவிடப் பாரமாகையால் தரையோடு கிடக்கிறது. ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே போங்கள்.

அப்புறம் தடிமன். மூக்கடைத்த நாளில் சொதியும் சப்பென்றிருக்கும், உடனே உப்புப் போத்தலைத் தேடுவோம். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மெல்லும்போது வாயிலிருந்து தொண்டைப் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான் தடைப்பட்டது, உப்பு அந்த வழியைத் திறக்காது, பிரஷரைத்தான் ஏற்றும். நுனி நாக்கு இனிப்புக்கு, அடி நாக்கு கசப்புக்கு என்று பள்ளிக்கூடத்தில் கீறிய படத்தையும் மறந்துவிடுங்கள். 1901இல் ஒரு ஜெர்மன் ஆய்வாளர் கண்ட சின்ன வேறுபாட்டைப் பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெருப்பித்தது அது.

கடைசியாக உறைப்பு. கொச்சிக்காயில் உள்ள கப்சாயிசின், கிட்டத்தட்ட 43 பாகைச் சூட்டில் விழிக்கிற அதே உணரியைத்தான் தட்டுகிறது (இந்த உணரியைக் கண்டவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் கிடைத்தது), அதனால்தான் வாய் எரிகிறது. அது தண்ணீரில் கரைவது அபூர்வம், குடிக்கக் குடிக்க வாயெல்லாம் பரவும். ஒரு கரண்டி எருமைத் தயிர் போதும், பாலும் பரவாயில்லை. கொச்சிக்காய் வெட்டிய கைக்கு முதலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அதற்குமுன் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.