ஆலய ரிப்பேர் நடக்குறப்போ சபை கலையாம பாத்துக்கிறது எப்படி

எங்க ஆலயம் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவுல தேயிலைத் தோட்டத்துக்குள்ள இருக்குற ஒரு சின்ன சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) கோயில். வெள்ளைக்காரங்க காலத்து கல்லு சுவரு, மங்களூர் ஓடு, தேக்கு உத்தரம். மழை வந்தா ஆல்டருக்குப் பின்னாடி சுவர்ல தண்ணி இறங்கும், அதுக்குன்னே ரெண்டு பக்கெட் எப்பவும் வெஸ்ட்ரியில, அதாவது ஆயர் அங்கி மாத்துற பக்கத்து ரூம்ல, இருக்கும். கடைசியா கமிட்டி கூடி வேலையை ஆரம்பிச்சோம், 5 மாசத்துல முடியும்னு சபைக்குச் சொன்னோம், 14 மாசம் ஆச்சு. அந்த 14 மாசமும் நான் தான் சேகர கமிட்டி (ஒரு ஆயரோட பொறுப்புல இருக்குற சபையோட நிர்வாகக் கமிட்டி) செக்ரட்டரி. கட்டடம் நல்லா வந்துச்சு, அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனா அதுக்குள்ள சில குடும்பங்களைத் தொலைச்சுட்டோம், அப்புறம் வீடு வீடா போய்த் தேட வேண்டியதாப் போச்சு. மலையில எந்த சபையாவது வேலை ஆரம்பிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டா எனக்கு அந்த முகங்க தான் முதல்ல ஞாபகம் வருது, அதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒரு தீர்மானம் போடுங்க. "அதெல்லாம் வேலை முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்"ங்கிற பேச்சு கமிட்டியில வரக்கூடாது. எங்ககிட்ட அது தினம் வந்துச்சு. சண்டே ஸ்கூல் போட்டியா, முடிஞ்சப்புறம். புதன்கிழமை ஜெபக்கூட்டமா, இப்ப இடம் இல்லையே, முடிஞ்சப்புறம். எஸ்றா 3ஆம் அதிகாரத்தை எங்க ஆயர் ஐயா ஒரு மீட்டிங்ல எடுத்து வாசிச்சாரு, பாபிலோன்ல இருந்து திரும்பி வந்த ஜனங்க முதல்ல பலிபீடத்தைக் கட்டி பலி செலுத்த ஆரம்பிச்சுட்டாங்க, ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டது அடுத்த வருஷம் தான். அதைக் கேட்டப்புறம் தான் எங்களுக்கு உறைச்சது, ஆனா அதுக்குள்ள 3 மாசம் போயிருச்சு.

அப்புறம் காலண்டர். ஒரு பெரிய சார்ட்ல ஒரு பக்கம் மழை, பனி, சீசன், இன்னொரு பக்கம் சபை வருஷம்னு எழுதி சுவர்ல ஒட்டுங்க. ஊட்டி, கூடலூர் பக்கம்னா ஜூன், ஜூலை தென்மேற்கு மழை தான் போட்டு வாங்கும், எங்க குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தான் பயம், ரோட்டுல மண்ணு சரியுறதும் அப்ப தான். கூரை ஓட்டை இறக்குற வேலையை அந்த மழைக்குக் கொஞ்சம் முன்னாடி வெச்சுட்டு அக்டோபர்ல தார்ப்பாய்க்குக் கீழ நின்னு அழுதவங்க நாங்க. ஏப்ரல், மே சீசன்ல மேட்டுப்பாளையத்துல இருந்து லோடு ஏறி வர்றதுக்குள்ள பாதி நாள் போயிரும், வண்டியெல்லாம் குன்னூர் ரோட்டுல ஏறி கோத்தகிரி ரோட்டுல இறங்கணும்னு ஒன்வே போட்டுருவாங்க. இன்னொண்ணு, பழைய கல்லு சுவருக்கு சுண்ணாம்புப் பூச்சு தான் சரி, சிமெண்ட் பூசினா உள்ள இருக்குற ஈரம் வெளிய வர வழியில்லாம ஓதம் இன்னும் ஜாஸ்தியாகும், ஆனா சுண்ணாம்பு இந்த மூடுபனியில காயுறதுக்கு நாள் எடுக்கும், அவசரப்படுத்த முடியாது. இதெல்லாம் கணக்குப் பண்ணி மேஸ்திரி சொல்ற நாளை அப்படியே ரெண்டு மடங்கு ஆக்கி சபைக்குச் சொல்லுங்க. அந்த சார்ட்ல லெந்து நாள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்), ஈஸ்டர், மே மாச விபிஎஸ் (பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), அறுப்பின் பண்டிகை, கேரல் ரவுண்ட்ஸ் எல்லாத்தையும் முன்கூட்டியே குறிச்சு, ஒவ்வொண்ணும் எங்க நடக்கும்னு பக்கத்துலயே எழுதுங்க. இடம் எழுதாத நிகழ்ச்சி நடக்காது, இது எங்க அனுபவம்.

இப்ப ஆராதனை நடத்துற இடம். இதுல தான் நாங்க பெரிய தப்பு பண்ணோம். பக்கத்துல இருந்த ஸ்கூல் மாடி ஹால் ஃப்ரீயா கிடைச்சுது, நல்ல வெளிச்சம், 150 சேர் போடலாம், எல்லாருக்கும் சந்தோஷம். 22 படி. யாரும் எண்ணிப் பாக்கல. எங்க சபையில ஒரு தாத்தா, எஸ்டேட்ல கங்காணியா இருந்து ரிட்டையர் ஆனவரு, வடக்கு ஜன்னலுக்குக் கீழ மூணாவது பெஞ்ச் ஓரத்துல தான் உக்காருவாரு, அந்த இடத்துல வேற யாரும் உக்கார மாட்டாங்க. ஹாலுக்கு மாறினப்புறம் அவரைக் காணோம். குளிருக்கு வரலையோ, மக வீட்டுக்கு கோயமுத்தூர் போயிருப்பாரோன்னு ஆளாளுக்கு நினைச்சுக்கிட்டோம். அஞ்சாவது ஞாயிறு அவரு வீட்டுக்குப் போனா மனுஷன் வெள்ளை வேட்டி கட்டி, ஸ்வெட்டர் போட்டு, பைபிளை மடியில வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காரு. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை நேரத்துக்கு அப்படி ரெடியாகி உக்காருவாராம். "ஏறிருவேன் தம்பி, இறங்கத்தான் முடியல, நாலு பேரு தூக்கிட்டு வர்ற மாதிரி ஆயிரும்னு வரல"ன்னாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதனால இடம் பாக்கப் போறப்போ சபையிலயே நடக்க ரொம்ப கஷ்டப்படுறவங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க, அவங்க சரின்னு சொன்னா தான் சரி. பாத்ரூம் எவ்வளவு தூரம்னு பாருங்க. எஸ்டேட்ல இருந்து வர்றவங்களுக்கு பஸ் எங்க நிக்கும்னு பாருங்க, நேரம் அரை மணி மாத்தினாலும் அந்த பஸ் கிடைக்குமான்னு கேளுங்க. நாங்க அப்புறம் மாடி ஹாலை விட்டுட்டு ஆலயக் காம்பவுண்ட்லயே ஆயர் வீட்டுப் பக்கம் தகரக் கொட்டகை போட்டோம். மழை பெஞ்சா பிரசங்கம் ஒரு வார்த்தை கேக்காது, அந்த நேரத்துல பாட்டு பாடுவோம், மழை விட்டதும் ஐயா விட்ட இடத்துல இருந்து ஆரம்பிப்பாரு. தாத்தா முதல் வரிசையில இருந்தாரு, அது போதும் எங்களுக்கு.

ஒரு நோட்டு போடுங்க, 40 பக்க நோட்டு போதும். குடும்பம் குடும்பமா பேரு எழுதி ஞாயிறு வந்தாங்களா இல்லையான்னு ரெண்டு பேரு அமைதியா குறிச்சுக்கணும். யாரையும் குறை சொல்றதுக்கில்ல. ரெண்டு ஞாயிறு தொடர்ந்து வரலைன்னா அந்த வாரம் புதன்கிழமைக்குள்ள யாராவது வீட்டுக்குப் போயிரணும், ஃபோன் பத்தாது. "ஏன் வரல"ன்னு கேக்காதீங்க, "எப்படி இருக்கீங்க"ன்னு கேளுங்க, காரணம் தானா வரும். ரிப்பேர் சமயத்துல ஜனங்க சண்டை போட்டுட்டுப் போறது கம்மி, சத்தமில்லாம நழுவுறது தான் ஜாஸ்தி, நாலு வாரம் வீட்டுல இருந்து பழகிட்டா அப்புறம் திரும்பி வர்றதுக்கே ஒரு கூச்சம் வந்துரும்.

மணி விஷயம் சொல்லணும். கோபுரத்துல சாரம் கட்டினதும் மணியை இறக்கிட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு கீழ் லயத்துல (எஸ்டேட் தொழிலாளருங்க இருக்குற லைன் வீடுகள்) இருந்து ஒரு அக்கா வந்து, "மணி சத்தம் இல்லாம ஞாயித்துக்கிழமையே தெரிய மாட்டேங்குது கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. மூடுபனி இறங்கினா எதிர்ல இருக்குற வீடு கூட தெரியாது, மணி சத்தம் தான் எல்லா லயத்துக்கும் போய்ச் சேரும். அப்புறம் ஒரு தண்டவாளத் துண்டு வாங்கி கொட்டகை ஓரத்துல கம்பியில தொங்கவிட்டு, பழைய நேரத்துக்கே, முதல் மணி ரெண்டாம் மணின்னு அடிச்சோம். வாலிபர் பசங்க முறை போட்டு அடிச்சாங்க. சின்ன விஷயம் தான், ஆனா ஆலயம் மூடலைங்கிற சேதி மொத்த பள்ளத்தாக்குக்கும் போச்சு.

இடம் இல்லாததை வெச்சே நல்லது ஒண்ணு பண்ணலாம். புதன்கிழமை கூட்டத்தை லயங்களுக்கும் வீடுகளுக்கும் கொண்டு போங்க. எங்க பக்கம் நிறைய குடும்பங்க 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்தவங்க, எங்க கோயில்ல பல வருஷமா பின் பெஞ்ச்லயே உக்காந்து போறவங்க. அவங்க வீட்டுத் திண்ணையில கூட்டம் வெச்சப்போ தான் அவங்கள்ல எத்தனை பேரு அருமையா ஜெபிக்கிறாங்க, பழைய கீர்த்தனை எத்தனை மனப்பாடமா தெரியுதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுது. கொழுந்து பறிச்சுட்டு வந்து குளிச்சு சமைச்சு முடிக்க நேரம் ஆகும், அதனால 7 மணிக்கு மேல வைங்க, முக்கால் மணி நேரத்துல முடிங்க. டீயும் வர்க்கியும் போதும்னு முதல்லயே எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சொல்லிருங்க, இல்லைன்னா அடுத்த வீட்டுல போண்டா, அதுக்கடுத்த வீட்டுல பிரியாணின்னு போயி, முடியாதவங்க கூட்டம் வெக்கவே தயங்குவாங்க.

சாவு சொல்லிட்டு வராது. வேலை ஆரம்பிக்கிறப்பவே மேஸ்திரிகிட்ட பேசி எழுதியே வாங்கிருங்க, துக்கம்னு தகவல் வந்தா ரெண்டு மணி நேரத்துல கல்லறைத் தோட்டத்துக்குப் போற வழியில இருக்குற ஜல்லி, மணல், கம்பி எல்லாம் ஒதுக்கிரணும், அடக்கம் முடியுற வரைக்கும் மிஷின் ஓடக்கூடாது. நாங்க இதை யோசிக்கல. ஒரு பாட்டியோட அடக்கத்துக்கு பெட்டியை ஜல்லிக் குவியல் மேல தூக்கிக்கிட்டு ஏறினாங்க அவங்க பேரப் பசங்க, ஒருத்தன் சறுக்கினான், பெட்டி விழல, ஆனா அவங்க அம்மா முகத்தை நான் பாத்தேன். அடுத்த நாளே வழியை ஒதுக்கி கயிறு கட்டினோம்.

கல்யாணம்னா, அடுத்த ஒரு வருஷத்துக்கு யார் யார் தேதி குறிச்சிருக்காங்கன்னு முதல்லயே விசாரிச்சு, பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த வீடுகளுக்கு ஆயரும் செக்ரட்டரியும் நேர்ல போய்ச் சொல்லணும். பக்கத்து சேகரத்து ஆலயத்தைக் கேட்டா பெரும்பாலும் தருவாங்க, ஆனா அவங்க வேலையெல்லாம் முடிச்சு ராத்திரி தான் இடம்னா அது ஒத்து வராது, 1872 கிறிஸ்தவ கல்யாணச் சட்டப்படி காலையில 6 மணிக்கு மேல, சாயங்காலம் 7 மணிக்குள்ள முடிக்கணும். ஓலை வாசிக்கிறது, அதாவது கல்யாண அறிவிப்பை ஆராதனையில வாசிக்கிறது, உங்க சபையிலயே, கொட்டகையா இருந்தாலும், விடாம நடக்கட்டும். ஞானஸ்நான, கல்யாண, அடக்க ரெஜிஸ்டர்களை வெஸ்ட்ரியில விட்டுட்டு வேலை பாக்காதீங்க, தூசியும் ஈரமும் சேந்தா பக்கம் ஒட்டிக்கும். துணியில சுத்தி தகரப் பெட்டியில ஆயர் வீட்டுல வைங்க.

பிள்ளைங்க சாரத்துல ஏறத்தான் செய்வாங்க. சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடுறதுக்கு முன்னாடி ஏணியெல்லாம் இறக்கி, சாரத்தோட அடியில தகரம் கட்டி, கரண்ட் கனெக்‌ஷனைப் பிடுங்கிட்டாங்களான்னு ஒருத்தர் நேர்ல பாக்கணும்.

கொத்தனார், சித்தாளுங்க எங்ககிட்ட பாதிப் பேரு வடக்க இருந்து வந்தவங்க, மீதி மேட்டுப்பாளையம், காரமடை பக்கம். ஒரு வருஷம் நம்ம ஆலயத்துல வேர்வை சிந்துறவங்க, அவங்களும் நம்ம பொறுப்பு தான். குளிருக்கு கம்பளி இருக்கா, தூங்குற ஷெட்டுல ஒழுகுதான்னு பாருங்க, கூலியை சனிக்கிழமை தவறாம கொடுக்க வைங்க. நம்ம கையில கூலி வாங்குறவன்கிட்ட பிரசங்கம் பண்றது எனக்குப் பிடிக்கல, அவனால வேண்டாம்னு சொல்ல முடியாது. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, பேரைச் சொல்லி ஞாயிறு ஜெபத்துல வேண்டிக்கோங்க. டீ போடுற வேலையோட பெண்கள் ஐக்கியத்தை நிறுத்திராதீங்க, நெகேமியா 3ல எருசலேம் மதிலை எடுத்துக் கட்டினவங்க பட்டியல்ல சல்லூமோட குமாரத்திகளும் இருக்காங்க. எங்க ஆலயத்துல சாமான் கணக்கு பாத்தது மூணு அம்மாமாருங்க தான், ஒரு மூட்டை சிமெண்ட் கூட குறையல.

பணத்துல ரெண்டே விஷயம். கட்டட நிதிக்குத் தனி அக்கவுண்ட், மாசா மாசம் வரவு செலவு ஆராதனையில சத்தமா வாசிக்கணும். ஏழைகள் நிதியில இருந்து ஒரு ரூபா கூட கூரை ஓட்டுக்குப் போகக்கூடாது. அறுப்பின் பண்டிகை ஏலத்துல கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் கட்டட நிதிக்குன்னு ஏலம் விட்டா தாராளமா எடுப்பாங்க, ஆனா முடியாதவங்களை மைக்ல பேரு சொல்லி இழுக்காதீங்க.

பழைய மரத்தை எடைக்குப் போட்டுராதீங்க. ஊட்டி செயின்ட் ஸ்டீஃபன்ஸ் ஆலயத்தோட உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனையில இருந்து கழட்டிட்டு வந்த மரம், 1829ல அஸ்திபாரக் கல்லு போட்ட ஆலயம், இன்னிக்கும் நிக்குது. எங்க காண்ட்ராக்டர் பழைய தேக்கை "குப்பை"ன்னு சொல்லி வண்டி கொண்டு வந்துட்டாரு, நல்லவேளை ஆலயத்தைப் பாத்துக்கிற கோயில்பிள்ளை பாத்துட்டாரு. அந்த மரத்துல தான் இப்ப பிரசங்க மேடையும் சண்டே ஸ்கூல் பெஞ்சும் இருக்கு. பெஞ்சுகளைக் கழட்டறப்போ நம்பர் போடுங்க, சாக்பீஸ் வேண்டாம், ஈரத்துல அழிஞ்சுரும், பெயிண்ட்ல அடியில எழுதுங்க. எந்த பெஞ்ச் எங்க இருந்துச்சுங்கிறது பெரியவங்களுக்கு ரொம்ப முக்கியம்.

அவங்க அழுவாங்கன்னும் எதிர்பாருங்க. எஸ்றா புத்தகத்துல புது அஸ்திபாரம் போட்டப்போ பழைய ஆலயத்தைப் பாத்திருந்த முதியவங்க சத்தம் போட்டு அழுதாங்க, மத்தவங்க சந்தோஷத்துல ஆர்ப்பரிச்சாங்க, எது அழுகை எது சந்தோஷம்னு பிரிச்சுக் கேக்க முடியல. ஓட்டை இறக்குறதுக்கு முந்தின ஞாயிறு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, இந்த ஆலயத்துல எனக்கு நடந்ததுன்னு பெரியவங்களைப் பேச விடுங்க. எங்க ஒரு பாட்டி தான் கல்யாணம் பண்ணிக்கிட்ட இடத்துல நின்னு சுவரைத் தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க.

திரும்பி உள்ள போறப்போ பிஷப் வர்ற பிரதிஷ்டை நாளுக்காகக் காத்திருக்காதீங்க, அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு சாதாரண ஞாயிறு ஆராதனை நடத்துங்க. முந்தின நாள் எல்லாரும் சேந்து கழுவித் துடைக்கட்டும். வாசல்ல படிக்குப் பக்கத்துல சரிவுப் பாதை போட மறக்காதீங்க, பிளான்லயே இல்லாம கடைசியில நாங்க போட்டது அது, தாத்தா அதுல தான் ஏறி வந்து வடக்கு ஜன்னல் பக்கம் அவரு பெஞ்சைத் தடவிப் பாத்து உக்காந்தாரு. லயத்துல நடந்த புதன்கிழமை கூட்டங்களை மறுபடி ஆலயத்துக்கு இழுத்துட்டு வராதீங்க, அங்கயே நடக்கட்டும். நோட்டையும் மூடாதீங்க, எங்க நோட்டு இப்ப மூணாவது ஓடுது.