கரண்ட் போனால் மட்டும் வரும் வைஃபை

2009-ல் தக்கலையில் எங்கள் வீட்டில் நடந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் என் லேப்டாப்பில் 'ஃப்ரீ பப்ளிக் வைஃபை' என்று ஒரு பெயர் தெரியும், கரண்ட் வந்தால் காணாமல் போகும். ஆசையில் சேர்ந்தும் பார்த்தேன், நெட் வரவில்லை, 169.254 என்று தொடங்கும் ஐபிதான் கிடைத்தது, அதாவது முகவரி கொடுக்க அந்தப் பக்கம் ரவுட்டரே கிடையாது.

மைனிதான் (அண்ணன் மனைவி) துப்பு கொடுத்தது. "தம்பி, திருவனந்தபுரம் ஸ்டேஷன்ல ஓசி வைஃபைன்னு அவிய ஒண்ணுல சேந்தாவ, அதுவா இருக்குமோ?"

அதேதான். அண்ணனுடைய லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி, அதன் அப்டேட் தொகுப்பான சர்வீஸ் பேக் 2 போட்டது. ஒருமுறை சேர்ந்த அட்ஹாக் (நடுவில் ரவுட்டர் இல்லாமல் லேப்டாப்புகள் நேரடியாக இணைவது) பெயரை அது ஞாபகம் வைத்துக்கொண்டு, தெரிந்த ரவுட்டர் எதுவும் கிடைக்காதபோது அதே பெயரைத் தானே ஒலிபரப்பும், அதைப் பார்த்து சேருகிற எக்ஸ்பி லேப்டாப்பும் அப்புறம் அதையே செய்யும். வைரஸ் இல்லை, ஆனால் சளி மாதிரி பரவும். கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், லேப்டாப் பேட்டரியில் ஓடும், அதனால்தான் இந்தக் கூத்து.

வயர்லெஸ் பிராப்பர்ட்டீஸில் பட்டியலில் இருந்த அந்தப் பெயரை நீக்கி, அட்வான்ஸ்டில் 'ஆக்சஸ் பாயிண்ட் மட்டும்', அதாவது ரவுட்டர் மாதிரியானவற்றில் மட்டும் சேர், என்பதைத் தேர்ந்தெடுத்தேன். 2008-ல் வந்த சர்வீஸ் பேக் 3-யும் போட்டேன், 300 எம்பிக்கு மேல், ராத்திரி முழுக்க இறங்கியது. சும்மா என்னுடையதையும் திறந்து பார்த்தால், அதே பெயர் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது.