வீட்டுக் காய்கறி பீட்சா நடுவில் சொதசொதவென்று ஆவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் செய்த காய்கறி பீட்சாவில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் விறைப்பாக நிற்கும், முனை மட்டும் துவண்டு தொங்கும். சீஸ் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போக, அதன் பின்னாலேயே குடைமிளகாயும் காளானும் இறங்கிவிடும். தட்டில் வெளிர்சிவப்பாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். உடனே எல்லோரும் மாவைத்தான் திட்டுவார்கள். ஈஸ்ட் பழசு, மைதா சரியில்லை, பிசைந்தது போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம். ஆனால் மேலே கிடக்கும் காயை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

தக்காளியின் எடையில் கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணீர். காளானும் குடைமிளகாயும் 90 சதவீதத்தைத் தாண்டும். வெங்காயமும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆக, 200 கிராம் காயை நறுக்கிப் பச்சையாக அடுக்கினால், சுமார் 180 கிராம் தண்ணீரை மாவின் மேல் ஏற்றி வைக்கிறோம் என்று அர்த்தம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணி விறகு அடுப்பில் 430 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். 60 முதல் 90 விநாடியில் பீட்சா வெளியே வந்துவிடும். காய் தண்ணீர் விடவே அங்கே நேரமில்லை. வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடுகிறது, பீட்சா வேகப் பத்து நிமிடமாவது ஆகிறது. காய் தன் தண்ணீரையெல்லாம் கக்க அது தாராளமான நேரம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கி விரட்டத்தான் சூடு போதாது. ஈரம் இருக்கிற இடம் 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது, ஏறாதவரை சிவக்கவும் செய்யாது. கடையில் வாங்கும் பீட்சாவைப் பார்த்து அப்படியே வீட்டில் காயை அடுக்குவது பலிக்காமல் போவது இதனால்தான்.

காளானைப் பச்சையாகப் போடாதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே பாதி பிரச்சினை தீரும். காளானை நறுக்கி, எண்ணெய் விடாமல், உப்புப் போடாமல், நன்றாகக் காய்ந்த வாணலியில் பரப்புங்கள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் விட ஆரம்பித்து, தன் தண்ணீரிலேயே கொதிக்கும். பலர் 'வெந்துவிட்டது' என்று இங்கேயே இறக்கிவிடுகிறார்கள். இறக்க வேண்டாம். தீயைக் குறைக்காமல் விட்டால் கொதிக்கும் சத்தம் மெல்ல அடங்கி, தண்ணீர் வற்றி, வாணலியில் படபடவென்று பொரியும் சத்தம் கேட்கும். ஓரங்கள் பழுப்பாகும். அப்போது ஒரு சொட்டு எண்ணெயும் உப்பும் சேர்த்து இறக்கினால் போதும். போட்ட அளவில் பாதிகூடத் தேறாது. காணாமல் போனதெல்லாம் பீட்சாவில் தேங்கியிருக்க வேண்டிய தண்ணீர், பயப்படாதீர்கள்.

தக்காளியை வட்டமாக நறுக்கி மேலே வைப்பது பார்க்க அழகு, அவ்வளவுதான். வைத்தே ஆக வேண்டும் என்றால் விதையையும் கொழகொழப்பையும் வழித்து எடுத்துவிட்டு, மெல்லியதாக நறுக்கி, உப்பைத் தூவிச் சுத்தமான துணியில் கால் மணி நேரம் பரப்பி வையுங்கள். துணி நனைந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பசலைக்கீரை என்றால் வதக்கி, ஆறியதும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிய வேண்டும். ப்ரோக்கோலியைச் சின்னப் பூக்களாகப் பிரித்து ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். ஆனால் எடுத்தபின் ஈரத்தை ஒற்றி எடுக்காவிட்டால் பூ இடுக்கில் நிற்கும் தண்ணீர் பச்சையாகப் போட்டதைவிட மோசமாகப் பழிவாங்கும். ஃப்ரோசன் ஸ்வீட் கார்ன், ஜாடியிலிருந்து எடுக்கும் ஆலிவ், டின் அன்னாசி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்: வடிகட்டினால் மட்டும் போதாது, துடைக்கவும் வேண்டும். குடைமிளகாயும் வெங்காயமும் மெல்லிய கீற்றாக இருந்தால் பச்சையாகவே போடலாம். தடிமனாக இருந்தால் சீஸ் கருகிய பிறகும் அவை நறுக் நறுக்கென்றே இருக்கும்.

போடப்போகும் காயில் சிட்டிகை உப்பும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துப் பிரட்டிக்கொள்ளப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாஸில் உப்பு இருக்கிறது, சீஸில் இருக்கிறது, காயில் மட்டும் இல்லை. சப்பென்று இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். முன்கூட்டியே பிரட்டி வைக்காதீர்கள், உப்பு தண்ணீரை இழுத்துவிடும். ஓவனுக்குள் போகும் முன் பிரட்டினால் போதும்.

அடுக்கும் கை கொஞ்சம் அடங்கட்டும்

வீட்டில் செய்வதுதானே, தாராளமாகப் போடுவோம் என்று ஆசை வரும். 10 அங்குல பீட்சாவுக்கு மூன்று மேசைக்கரண்டி சாஸ், 80 முதல் 100 கிராம் சீஸ், ஒன்றிரண்டு கைப்பிடி காய். அவ்வளவுதான். காய்களுக்கு இடையே சீஸ் தெரிய வேண்டும். மூன்று வகைக் காய்க்கு மேல் போனால் எந்தக் காயின் ருசியும் தெரியாது என்பது என் கட்சி.

எதன் மேல் எது என்பதும் முக்கியம். காயை அடியில் வைத்து அதன் மேல் சீஸைப் போர்வையாக மூடினால், ஆவி வெளியேற வழியில்லாமல் காய் அவிந்து போகும். சாஸ், சீஸ், அதன் மேல் காய் என்று போங்கள். பிடிமானத்துக்கு வேண்டுமானால் கடைசியாகக் கொஞ்சம் சீஸ் தூவலாம்.

தண்ணீரில் மிதக்கும் பந்து வடிவ ஃப்ரெஷ் மொசரெல்லா சீஸில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதைப் பிய்த்துத் துணியில் ஒரு மணி நேரமாவது வடிய விட வேண்டும். காய்கறி பீட்சாவுக்கு ஈரம் குறைந்த மொசரெல்லா கட்டியை வாங்கித் துருவிக்கொள்வது நல்லது. ஏற்கனவே துருவி வரும் பாக்கெட்டுகளில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் போன்ற பொடி தூவியிருப்பார்கள். அது அவ்வளவு வழவழப்பாக உருகாது. சாஸைப் பொறுத்தவரை, கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டில் தண்ணீர் ஊறி வரக் கூடாது. கெட்சப்பை சாஸாகத் தடவுவதை விட்டுவிடுங்கள். அதிலுள்ள சர்க்கரை தித்திக்கும், ஓரத்தில் கருகவும் செய்யும்.

குளிர்ந்த ட்ரே என்ற பெரிய தவறு

ஓவன் விளக்கு அணைந்ததும் 'சூடாகிவிட்டது' என்று நினைத்து, குளிர்ந்த ட்ரேயில் பரப்பிய பீட்சாவை உள்ளே தள்ளுகிறோம். காற்றுதான் சூடாகியிருக்கிறது. ட்ரே சூடேறிப் பீட்சாவின் அடிப்பாகம் வேக ஆரம்பிப்பதற்குள் மேலே சீஸ் பழுத்துவிடும். ஓவன் எவ்வளவு போகுமோ அவ்வளவு சூட்டில், ட்ரேயைக் கவிழ்த்து உள்ளே வைத்து அரை மணி நேரம் காய விடுங்கள். ட்ரேக்குப் பதில் பீட்சா சுடும் கல் பலகை என்றால் முக்கால் மணி நேரமாவது வேண்டும். ரவை தூவிய பலகையில் பீட்சாவைத் தயார் செய்து, அந்தச் சூட்டின் மேல் சறுக்கி விட வேண்டும். சறுக்கப் பயமாக இருந்தால் பேக்கிங் தாளோடு வைக்கலாம். ஆனால் பல தாள்கள் 220 டிகிரி வரைதான் தாங்கும், அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓவன் சின்னது, சூடு ஏறுவதே இல்லை என்றால் வெறும் மாவில் லேசாக சாஸ் தடவி மூன்று நான்கு நிமிடம் வேக வைத்து வெளியே எடுத்து, அப்புறம் சீஸும் காயும் வைத்து மறுபடி உள்ளே அனுப்புங்கள். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் சூடான காற்றில் வேக வைக்கும் கன்வெக்‌ஷன் முறைக்கு மாற்ற மறக்கக் கூடாது. வெறும் மைக்ரோ அலையில் மாவு முதலில் ரப்பராகும், பிறகு கட்டையாகும், சிவக்கவே சிவக்காது. இன்னொன்று, எல்லாம் அடுக்கிய பீட்சாவை மேடையில் காக்க வைக்காதீர்கள். சாஸ் மாவில் ஊறிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

மாவைப் பற்றிச் சுருக்கமாக

ஈஸ்ட்டுக்குத் தண்ணீர் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருந்தால் போதும். 60 டிகிரியை நெருங்கினால் செத்துவிடும். 100 கிராம் மாவுக்கு 60 முதல் 65 கிராம் தண்ணீர். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைக் கொட்டினால் பீட்சா வறட்டியாகத்தான் வரும். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிசைந்தால் ஒட்டுவது தானாகக் குறையும். ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்த மாவுக்கு ருசி அதிகம், சரி. ஆனால் எடுத்த உடனே விரிக்கப் போனால் சுருங்கிச் சுருங்கிப் பழைய இடத்துக்கே வரும். ஒரு மணி நேரமாவது வெளியே இருக்கட்டும். பூரிக்கட்டை போட்டால் ஓரத்தில் இருக்கும் காற்றெல்லாம் போய்விடும், விரல்களாலேயே நடுவிலிருந்து அழுத்தி விரியுங்கள்.

பேசில் இலையைப் பீட்சா வெளியே வந்த பிறகுதான் போட வேண்டும், உள்ளே போட்டால் கருகிக் கசக்கும். பச்சைப் பூண்டும் அப்படித்தான், அதை நசுக்கி எண்ணெயிலோ சாஸிலோ கலந்துவிடுங்கள். எடுத்ததும் தட்டில் வைத்து வெட்டாமல் கம்பி ஸ்டாண்டில் இரண்டு நிமிடம் வைத்தால் அடியில் வரும் ஆவி வெளியேறிவிடும். மிச்சமானதைச் சூடுபடுத்தவும் மைக்ரோவேவ் வேண்டாம். வாணலியில் எண்ணெய் இல்லாமல் மிதமான தீயில் வைத்து, அடிப்பாகம் மொறுமொறுப்பானதும் ஒரு நிமிடம் மூடி வைத்தால் சீஸும் இளகிவிடும்.