வேலை மினக்கெடும் இடங்கள்: தேவனுடைய அழைப்பு பெற்றவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வேல மினக்கெட்டு வந்திருக்கேன்" என்று குமரி மாவட்டத்தில் யாராவது சொன்னால், கையில் இருந்த வேலை உங்களால் நின்றுபோனது என்று அர்த்தம். தமிழ் வேதாகமத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவை ஓனோ பள்ளத்தாக்குக்கு வரச்சொல்லி அவருடைய எதிரிகளான சன்பல்லாத்தும் கேஷேமும் ஆள் அனுப்புகிறார்கள். "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது" என்கிறார் அவர். நான் வருவதால் இந்த வேலை மினக்கெட்டுப்போவானேன் என்றும் கேட்கிறார். நான்கு தடவை அழைத்தார்கள், நான்கு தடவையும் இதே பதில்தான்.

நாம் செய்யும் முதல் தவறு, கவனத்தைக் கலைப்பது கெட்ட முகத்தோடு வரும் என்று நினைப்பது. செல்போனையும் சீரியலையும் பிரசங்கத்தில் திட்டுவார்கள், சரி, திட்டட்டும். என்னை இழுத்தது செல்போன் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதுதான் தேவன் எனக்குக் கொடுத்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் பாடகர் குழுவில் ஆள் குறைகிறது என்றார்கள், சேர்ந்தேன். ஆலயத்தில் எல்லோருக்கும் போடும் அசன விருந்துக்கு வசூல் கணக்கு எழுத நல்ல கையெழுத்து வேண்டும் என்றார்கள், நோட்டை வாங்கிக்கொண்டேன். (பாராட்டு கலந்து கேட்டால் எனக்கு மறுக்க வராது.) எல்லாம் நல்ல காரியங்கள்தான்.

ஒரு ஞாயிறு, வருகைப் பதிவேட்டில் ஒரு பையனின் பெயருக்கு நேரே வரவில்லை என்பதற்கான சுழிகள் வரிசையாக ஆறு கண்ணில் பட்டன. ஆறும் நான் போட்டவை. அவன் வீடு ஆலயத்துக்கு அடுத்த தெருவில்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: குறுக்கே வருகிற எல்லாவற்றையும் இடைஞ்சல் என்று தள்ளிவிடுவது. நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்துவிட்டோம் என்று ஏழைகள் கூக்குரலிட்டபோது, அலங்கம் முடியட்டும் என்று நெகேமியா சொல்லவில்லை. சபையைக் கூட்டி, வட்டி வாங்கியவர்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். அத்தனைக்குப் பிறகும் அலங்கம் 52 நாளில் முடிந்தது.

நம் நெய்யூரிலேயே ஒருவர் இருந்தார். 1922 எவரெஸ்ட் பயணத்தை முடித்துவிட்டு, ஊர் சுற்றிப் பார்க்க இந்தியாவுக்குள் வந்தவர் டாக்டர் சோமர்வெல். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நீண்ட வரிசையில் நோயாளிகள் காத்திருக்க, ஒரே ஒரு அறுவை மருத்துவர் திணறிக்கொண்டிருந்தார். சோமர்வெல் உடனே கைகொடுத்தார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார்தான். ஆனால் அவருடைய வாழ்க்கை நெய்யூர் என்று ஆகிவிட்டது. அவரைப் பொறுத்தவரை, இடையில் வந்ததே அழைப்பு.

அப்படியானால் எது இடைஞ்சல், எது அழைப்பு? சூத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. ஓனோவுக்கு நெகேமியா போகாததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. நெய்யூரில் வரிசை நின்றது. நான் இதைத்தான் பார்க்கிறேன்.

ஊழியம் வேண்டாம் என்று குடும்பம் நெருக்குவது வேறு ரகம். "இதெல்லாம் வயசான காலத்துல பாத்துக்கலாம், மொதல்ல வெளிநாட்டுக்குப் போ" என்பார்கள். இதில் நாம் செய்யும் தவறு, ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்குவது. ஐந்தாம் தடவை சன்பல்லாத்திடமிருந்து வதந்தி நிறைந்த திறந்த கடிதம் வந்தபோதும், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு நெகேமியா தன் வேலையைப் பார்த்தார்.

சரி, அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். "ஞாயித்துக்கிழம அப்பாகூட ரப்பர் பாலெடுக்கப் போறான் சாரே" என்றார் அவன் அம்மா. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பா பட்டையை வெட்டிவிட்டு வருவார். பிற்பாடு சிரட்டையில் நிறைந்த பாலை வாளியில் சேர்ப்பது பையன். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடுமாம். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால்தான் மரம் தாங்கும் என்றும் அவன் அப்பா சொன்னார். அழைப்பு என்ற பெயரில் ஒருநாளும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, அதைக் கேட்டதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வசூல் நோட்டு இப்போது வேறொருவர் கையில். அவர் கையெழுத்து சுமார்தான். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, அவனுக்கும் அவன் தம்பிக்கும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் பாடம்.