வீல் ஆஃப் டைம்: முதல்முறை படிப்பவர்கள் எங்கே தொடங்குவது?
ராபர்ட் ஜோர்டனின் இந்த ஆங்கில ஃபேன்டஸி நாவல் வரிசையில் 14 தடித்த புத்தகங்கள், முன்கதை தனி. முன்கதை 2004-இல்தான் வந்தது, அதை முதலில் எடுக்காதீர்கள். 1990-இல் வந்த ‘தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்’தான் வாசல். அதன் தொடக்கப் பகுதி சரியாகப் புரியாது, பரவாயில்லை, படித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள்: காற்று பலமாக அடிக்கிற பாதையில் நாயகன் ராண்ட் அப்பாவோடு வண்டியை ஒட்டி நடக்கிறான், திரும்பிப் பார்த்தால் குதிரைமேல் ஒரு கறுப்பு உருவம், அவ்வளவு காற்றிலும் அதன் அங்கி மட்டும் அசையவே இல்லை. எனக்கு இன்றும் சிலிர்க்கும் இடம்.

பெயர்கள் குழம்பினால் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொல்விளக்கம் இருக்கிறது, அதைப் பாருங்கள். இணையத்தில் மட்டும் தேடவே தேடாதீர்கள், யார் சாகிறார்கள் என்று முதல் வரியிலேயே போட்டுவிடுவார்கள். 8 முதல் 10 வரையிலான புத்தகங்களில் கதை மெதுவாக நகரும். அலுப்பு தட்டினால் நடுவில் வேறு ஏதாவது படியுங்கள், அப்புறம் திரும்புங்கள். 2007-இல் ஜோர்டன் இறந்தபின் அவருடைய குறிப்புகளை வைத்து எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் முடித்த கடைசி மூன்றையும் கீழே வைக்க மனம் வராது.